வெளுக்காமல் ஒரு வெள்ளைப் படம்

எடுத்த படத்தின் பிரைட்னஸைக் கூட்டிவிட்டு ‘ஹை-கீ போர்ட்ரெய்ட்’ என்று காட்டுபவர்கள் அதிகம். அது வெறுமனே வெளுத்த படம். ஹை-கீயில் பின்புலம் வெள்ளை, உடை வெளிர்நிறம், நிழல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் முகம் தன் நிறத்திலேயே இருக்க வேண்டும். நம் ஊர் முகங்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்டுடியோ விளக்கு வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுற்றி எடுத்த படங்களில் பின்னால் இருப்பது வெள்ளைக் காகிதம், விழுவது வெட்டவெளி நிழலின் வெளிச்சம். அவ்வளவுதான். நான் எங்கள் வீட்டு வடக்கு ஜன்னலில் எட்டு முழ வேட்டியை ஒற்றையாகக் கட்டி, அதையே பின்புலமாக்கிக்கொள்கிறேன். கரை தெரியாதபடி மடித்துவிட வேண்டும். சுவர் பச்சையோ நீலமோ என்றால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். பக்கத்தில் ஒரு போர்வையாவது வெள்ளையாகத் தொங்கவிடுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

என் மாடல் பெரியம்மா. நரைத்த முடி, கருத்த முகம், சந்தன நிறப் பருத்திச் சேலை. ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளி உட்காரவைத்து, கேமராவின் இருபுறமும், ஜன்னல் வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பிவிட, பெரிய தெர்மாகோல் பலகைகளை அவர் முகத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நிறுத்தினேன். எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவிட்டால் முகத்தில் வெளிச்சம் நன்றாக ஏறும்.

இப்போது அளவு. கேமராவின் மீட்டர், அதாவது உள்ளே இருக்கும் வெளிச்சமானி, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். ஃப்ரேம் முழுக்க வெள்ளை என்றால் அது பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். அதனால் சின்ன ஒரு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டருக்கு மாற்றிக் கன்னத்தை அளவெடுங்கள். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும். கருத்த முகமானால் மீட்டரின் பூஜ்யத்திலோ மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்தோ வையுங்கள். மாநிறமானால் அரை ஸ்டாப் கூட்டலாம். பிறகு வேட்டியை அளவெடுங்கள். நடுத்தரச் சாம்பலைவிட அது இரண்டரை, மூன்று ஸ்டாப் மேலே இருந்தால் சுத்த வெள்ளை கிடைக்கும். அதற்கும் மேலே போனால் வெளிச்சம் முடியோரத்தைத் தின்றுவிடும். நரைமுடியில் இது உடனே தெரியும், தலை எங்கே முடிகிறது என்றே புரியாது. அப்படியானால் ஆளை ஜன்னலிலிருந்து இன்னும் தள்ளி உட்காரவையுங்கள், அல்லது வேட்டியை இரண்டாக மடியுங்கள்.

கேமரா சுருக்காமல் பதிவுசெய்யும் ரா ஃபைலாக எடுங்கள். லென்ஸ் துளை எஃப் 4 எனக்குப் போதும். ஜன்னலைப் பார்த்து எடுப்பதால் லென்ஸில் மூட்டம் படரும். லென்ஸ் முனையில் ஹூட் என்ற மறைப்பை மாட்டுங்கள், முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். எடிட்டிங்கில் கறுப்பை மட்டும் கொஞ்சம் கீழே இறக்குவேன். கண்மணியும் இமையும் கறுப்பாக நிற்காவிட்டால் படம் புகைக்குள் போய்விடும். போனில் எடுப்பவர்கள் முகத்தை அழுத்திப் பிடித்து லாக் செய்துவிட்டு, சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம்.

அப்புறம் விமர்சனம். திரையில் காட்டாதீர்கள், ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு வெளிச்சம். பளபளப்பில்லாத மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். நான் கேட்பவை: முதலில் கண் எங்கே போனது? முடி எங்கே முடிகிறது? இவர் நிறம் இதுதானா? கடைசிக் கேள்வியைப் படம் எடுப்பவர்களிடம் கேட்டுப் பயனில்லை, அவரைத் தினம் பார்க்கிறவர்களிடம் கேளுங்கள். இரண்டு பிரிண்ட் காட்டுவதானால் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். எப்படி எடுத்தீர்கள் என்ற கதையை அவர்கள் பேசி முடிக்கும்வரை சொல்லாதீர்கள். எதிர்வாதம் செய்யவே கூடாது, இது எனக்கு இன்னும் கஷ்டம்தான்.

புகைப்பட நண்பர் ஒருவர் மூலைகளில் லேசாகச் சாம்பல் தட்டுகிறது என்றார். சரிதான், ஜன்னல் ஓரங்களில் வேட்டி இரண்டு மடிப்பாக விழுந்திருந்தது. பெரியம்மா பிரிண்டைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “என் மூக்குத்தி ஏன்டா மின்னல?” என்றார். அதுதான் உருப்படியான விமர்சனம். சுற்றிலும் பரவிய வெளிச்சத்தில் கல் மின்னாது. அதற்குச் சின்னதாக, கூர்மையாக ஒரு விளக்கு தேவை. இப்போதெல்லாம் கேமராவுக்குச் சற்று மேலே, ஐந்தாறு அடி தள்ளி ஒரு செல்போன் டார்ச்சை யாரையாவது பிடிக்கச் சொல்கிறேன். முகத்தின் வெளிச்ச அளவை அது தொடுவதில்லை, கல்லில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சம் விழுகிறது. கண்ணாடி போட்டவர்களுக்கு இது ஆகாது, கண்ணாடியிலும் அதே பொட்டு வந்து நிற்கும்.