ஆறிய ஆம்பில் கை வைக்காதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டு வாங்கி வீட்டிலேயே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கட்டும் பையன்கள் அவ்வப்போது என்னைத் தேடி வருவார்கள். "சார், எவ்வளவு நேரம் ஆன்ல வச்சா சவுண்ட் நல்லா வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. டிரான்சிஸ்டர் ஆம்புக்குச் சில நிமிஷம் போதும். அதற்கு மேல் என் காதுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனால் சூடேறும்வரை காத்தே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைத்தான் யாரும் கேட்பதில்லை. பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பது போன்ற தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாக வந்துவிடும்.

ஆன் செய்ததுமே பயாஸ் வைப்பது

பயாஸ் என்பது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடவிடும் சிறு கரண்ட். ப்ரீசெட் என்ற சின்னத் திருகால் அதை வைப்போம். டிரான்சிஸ்டர் சூடாகச் சூடாக, டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் அது கரண்டை விடத் தேவையான பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் இறங்கும். நாம் ப்ரீசெட்டைத் தொடாவிட்டாலும் கரண்ட் ஏறும். கரண்ட் ஏறினால் சூடு, சூடானால் இன்னும் கரண்ட். இதை அடக்கத்தான், சூட்டை வெளியே விடும் உலோகமான ஹீட்சிங்கோடு ஒட்டி, அந்தச் சூட்டுக்கு ஏற்பப் பயாஸைக் குறைக்கும் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கிறது.

நான் கட்டியது 5200, 1943 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு. ராத்திரி, ஏசி அறை. ஆன் செய்த ரெண்டாவது நிமிஷமே 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் மீட்டரை வைத்து, 11 மில்லிவோல்ட் வரும்வரை திருகினேன். கணக்குப்படி 50 மில்லியாம்ப். அந்தச் சின்ன டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கில் அழுத்திப் பொருத்தவும் இல்லை, அவசரம். மறுநாள் மே மாத மதியம், மூடியைப் போட்டு ஹாலில் பாட வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் 'டப்'. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி, சப்ளை டிசி முழுவதும் ஊஃபருக்குள், அதாவது பேஸ் ஸ்பீக்கருக்குள், இறங்கிவிட்டது. காயில் கருகிய நாற்றம் போக ரெண்டு நாள் ஆனது. போர்டு விலையைப் போல நாலு மடங்கு ஊஃபருக்கு அழுதேன். போன வாரம் ஒரு பையன் அதே கதையோடு வந்து, "மீட்டர்ல கரெக்டாதான் சார் காட்டுச்சு" என்கிறான். ஆறியிருக்கும்போது காட்டும்தான்!

முதலில் ப்ரீசெட்டைக் குறைந்தபட்சத்தில் வைத்து, சீரீஸ் பல்பு, அதாவது மெயின்ஸ் வயரின் நடுவே ஒரு குண்டு பல்பு, போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. எரிந்தபடியே நின்றால் எங்கோ ஷார்ட். பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராக மெயின்ஸில் கொடுத்து, ஸ்பீக்கர் மாட்டாமல், பயாஸைப் பாதி அளவுக்கு வைத்து, மூடியை மூடி அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம்தான் மிச்சத்தைத் திருக வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள்.

வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் சூடேற்றுவது

டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடி வால்வ் போட்ட இந்த ஆம்பில் அது கூடவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் உள்ளே பாட்டு சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காலியாகிவிடலாம்.

வால்வை நாள் முழுக்க எரியவிடுவது

சூடேற இருபது நிமிஷம் போதும். மிச்ச நேரமெல்லாம் வால்வின் ஆயுள்தான் கரையும், ஏசி பில்லும் ஏறும்.

கிளாஸ் டி

டிரான்சிஸ்டரை ஸ்விட்ச் போல ஆன், ஆஃப் செய்து ஓட்டும் ஆம்ப் இது. சூடேறக் காத்திருக்க வேண்டாம். ஆன் செய்தோமா, கேட்டோமா.

காற்றுப் போகாமல் மூடி வைப்பது

பத்து டிகிரி கூடினால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பழைய கணக்கு. போன நவராத்திரிக்கு ஒரு வீட்டில் கொலுப்படிக்கு அடியில், துணிக்குப் பின்னால், ஆம்ப் பாடிக்கொண்டிருந்தது. கீழ்ப்படியில் இருந்த செட்டியார் பொம்மையைத் தொட்டேன். காய்ச்சல்.