வயிற்றுப் பிடிப்புக்கு ஓமத்தண்ணீர்: மணம் போகாமல் தயாரிக்கும் முறை

உணவுக்குப் பின் வாயு சேர்ந்து வயிறு சுருட்டிப் பிடிக்கும்போது, குடற்சுவரில் உள்ள மென்தசை தேவைக்கு மேல் இறுகியிருக்கிறது. அத்தசை இறுகுவதற்குக் கால்சியம் அயனிகள் அதன் செல்களுக்குள் நுழைய வேண்டும். முயலின் சிறுகுடல் துண்டுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள், ஓமச் சாறு அந்த நுழைவைத் தடுத்துத் தசையைத் தளர்த்துவதைக் காட்டியிருக்கின்றன. ஆய்வகத்தில் தனித்த குடல் துண்டின்மீது படும் அளவும், ஒரு குவளை நீரின் வழியாக நம் குடலைச் சேரும் அளவும் ஒன்றல்ல என்பதால், இதனை எளிய கைமருந்தாகவே கொள்ள வேண்டும்.

ஓமத்தின் மணத்துக்குக் காரணமான தைமால் நீராவியோடு எளிதில் வெளியேறிவிடும். ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 1 கிராம் அளவே கரையும். ஆகவே, வேரையும் பட்டையையும் நான்கில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சும் குடிநீர் (கஷாய) முறை ஓமத்துக்குப் பொருந்தாது. அப்படிக் காய்ச்சினால் அடுக்களை முழுவதும் மணக்கும், குவளையில் காரமும் கசப்புமே மிஞ்சும். ஓமத்துக்கு ஏற்றது ஊறல் முறை.

முதலில் ஒரு சிட்டிகை ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மணம் சுள்ளென்று மூக்கில் ஏற வேண்டும். தூசி வாடை வந்தால் அது பழைய சரக்கு. நல்ல ஓமத்தில் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 2 கிராம் எடுத்து, வறுக்காமல் சிற்றுரலில் ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். வறுத்தால் வாசனை கூடுவதுபோல் தோன்றினாலும், அந்த வாசனை சட்டியிலிருந்து வெளியேறும் எண்ணெயே என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன். 200 மில்லி நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பின் ஓமத்தை இட்டு, உடனே இறுக்கமான மூடியால் மூடி 10 நிமிடம் விடுங்கள். மூடியைத் திறக்கும்போது அதன் அடிப்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும் துளிகளைப் பாத்திரத்துக்குள்ளேயே தட்டிவிட வேண்டும். நமக்குத் தேவையான மணத்தில் ஒரு பங்கு அங்கேதான் தங்கியிருக்கிறது. பிறகு வடிகட்டி, இளஞ்சூட்டில் சிறிது சிறிதாகப் பருகலாம்.

நெஞ்செரிச்சலோ இரைப்பைப் புண்ணோ உள்ளவர்களுக்கு ஓமத்தின் காரம் எரிச்சலைக் கூட்டக்கூடும். கருவுற்றிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை மருந்தாக அருந்தக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு இந்த நீரைப் புகட்டவே வேண்டாம்.

வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலும், காய்ச்சலோ ஓயாத வாந்தியோ சேர்ந்தாலும், மலத்தில் இரத்தம் தென்பட்டாலும், வயிறு பலகைபோல் விறைத்தாலும், மலமும் வாயுவும் அடியோடு நின்றுபோனாலும், கைமருந்து எதையும் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.