ஊசி போட்ட பிள்ளைக்கும் சின்னம்மை: பள்ளிக் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி, பங்குனி என்றால் டெல்டா பள்ளிகளில் சின்னம்மைக் காலம். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வகுப்பு வகுப்பாகக் கணக்கெடுக்கப் போகும் புதியவர்கள் வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பெயர் விட்டுப்போனது, தேதி மாறியது எல்லாம் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். இவை அப்படியல்ல.

"அம்மை ஊசி போட்டாச்சா?" என்று கேட்பது

இந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். "அதெல்லாம் போட்டாச்சே" என்று அப்பாயி பேரனின் சட்டைக் கையை ஏற்றி, இடது தோளில் உள்ள வட்டத் தழும்பைக் காட்டுவார். அது காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. தழும்பு. அம்மா மனதில் வைத்துச் சொல்வது, 9 மாதம் முடிந்தும் பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் சுகாதார நிலையத்தில் போட்ட எம்.ஆர். ஊசியை. அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உரியது. சின்னம்மைக்கான வேரிசெல்லா ஊசி அரசின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இல்லை. பெரும்பாலும் தனியார் குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டால்தான் உண்டு.

இப்படிக் கேட்டு எழுதினால் ஊசியே காணாத பிள்ளை 'போட்டது' பத்தியில் ஏறிவிடும். பிறகு "ஊசி போட்டும் வந்திருக்கு, எதுக்கு வீண் செலவு?" என்ற பேச்சு பெற்றோர் கூட்டத்தில் எழும். முதல் ஊசி போட்ட பிள்ளைகளுக்கு இரண்டாவது விட்டுப்போகும். ஒரு தப்பான கேள்விக்கு இத்தனை பிள்ளைகள் விலை கொடுப்பதைப் பார்த்தால் ஆத்திரம்தான் வருகிறது.

அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். 'வேரிசெல்லா' என்ற வரி, தேதி, குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டில் பேட்ச் எண். ஒரு தவணையா, இரண்டா என்று தனித்தனியாக எழுதுங்கள், இரண்டுதான் முழுக்கணக்கு. அட்டை இல்லையா? 'தெரியவில்லை' என்று மூன்றாவது பத்தி போடுங்கள். ஊசி போட்டு 42 நாளுக்குள் முத்து எழுந்திருந்தால் அதையும் ஊசியை மீறி வந்ததாகச் சேர்க்காதீர்கள்.

தலையை மட்டும் எண்ணுவது

40 பேர் வகுப்பில் 36 பேர் ஊசி போட்டவர்கள், 4 பேர் போடாதவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கூட்டத்தில் 6 பேருக்கும் இரண்டாவதில் 3 பேருக்கும் வந்தால், வந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்களே. ஆனால் அங்கே ஆறில் ஒருவர், இங்கே நாலில் மூவர். இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

வேர்க்குரு என்று விடுவது

ஊசி போட்ட உடம்பில் முத்து பெரும்பாலும் 50க்குக் கீழேதான். பல நீர் கோக்காமல் சிவந்த தடிப்பாகவே அடங்கிவிடும், காய்ச்சலும் தெரியாது. பவுடர் பூசி அனுப்பிவிடுவார்கள். முடியை விலக்கித் தலைத்தோலைப் பாருங்கள், அங்கேயும் ஒன்றிரண்டு இருக்கும். இவர்களிடமிருந்து தொற்றுவது குறைவு, ஆனாலும் தொற்றும். நீர் கோக்காத முத்தில் பொருக்கு வராது. 24 மணி நேரம் புதிதாக ஒன்றும் எழாமல் இருந்தால் பள்ளிக்கு விடலாம்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் வரச் சொல்வது

நீர் கோத்தவை எல்லாம் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். நாள் கணக்கு உதவாது.

ஆஸ்பிரின்

சின்னம்மை வந்த பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

பதிவேட்டைச் சீக்கிரம் மூடுவது

தொற்றி வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கடைசிப் பிள்ளைக்கு முத்து எழுந்த நாளிலிருந்து 42 நாள் எண்ணுங்கள். நடுவில் கோடை விடுமுறை வந்தால் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள்.