கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர்: விமான தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகைப் பக்கம் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத தெரு அபூர்வம். மகனையோ மகளையோ பார்க்க முதல்முறை விமானம் ஏறும் பெற்றோருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் பதற்றம் பாதி குறையும். கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர் போவதை வைத்தே பார்ப்போம்.

படி 1: தூரம்

விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்க வேண்டும். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, திருச்சி விமான நிலையத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, தூரத்தை அளவிடும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைக் கிளிக் செய்தால் ஏறக்குறைய 3,000 கி.மீ. என்று வரும். சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பூமி உருண்டை, அதன் மேல் உள்ள குறுக்குவழி தட்டையான படத்தில் வளைந்துதான் தெரியும். சென்னையையும் லண்டனையும் போட்டுப் பாருங்கள், கோடு வடக்கே வில் மாதிரி வளையும். அது சுமார் 8,200 கி.மீ.

படி 2: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு சுமார் 850 கி.மீ. வேகத்தில் போகும். 3,000-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு நகர்வது, மேலே ஏறுவது, இறங்குவது இவற்றுக்கு அரை மணி சேர்த்தால் நான்கு. இதே கணக்கில் லண்டனுக்குப் பத்து மணிக்கு மேல் வரும். அந்த வழியில் விமானம் பறக்கும் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் லண்டன் போகும்போது நேரம் கூடும், திரும்பும்போது குறையும்.

படி 3: டிக்கெட்டில் இருக்கும் நேரம்

நிறையப் பேர் குழம்புவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். புறப்படும் நேரம் நம் ஊர் நேரம். இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். 12-ம் தேதி 01.00 மணிக்குக் கிளம்பி 07.45-க்கு இறங்கும் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் நாலேகால் மணி நேரம். நாம் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, சரி.

அப்புறம் தேதி. 12-ம் தேதி 01.00 என்றால் 11-ம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 12-ம் தேதி ராத்திரி என்று நினைத்திருந்தால் விமானம் ஒரு நாள் முன்பே போயிருக்கும். காலண்டரில் 11-ம் தேதியை வட்டம் போட்டு வையுங்கள்.

படி 4: வீட்டு வாசலிலிருந்து

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 10 மணிக்குத் திருச்சி விமான நிலையத்தில் இருப்பது நல்லது. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகக் காரில் இரண்டரை மணி நேரம் வையுங்கள், 7.30-க்கு வண்டி கிளம்பட்டும். முகூர்த்த நாள் என்றால் இன்னும் அரை மணி முன்னால். இறங்கியபின் இமிகிரேஷனுக்கும் பெட்டி எடுக்கவும் ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகாயத்தில் நாலு மணி நேரம்தான், ஆனால் வீட்டிலிருந்து கிளம்பி வெளியே வர ஏறக்குறைய பதினோரு மணி நேரம். மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் இந்தப் பதினோரு மணி நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்.

அழைத்துப்போக வருபவரிடம் மட்டும் சிங்கப்பூர் நேரத்தையே சொல்லுங்கள்: காலை 8.45.