அப்பாவின் படுக்கைப் புண் ஆறிய விதம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வீடு. வருடக்கணக்காக ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அப்பா, பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். மூன்றாவது மாதம் வால் எலும்புக்கு மேல் ஓர் இடம் கறுத்து, தொட்டால் சுட்டது. பயந்துபோய் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தேன். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தையும் வாங்கி வைத்தேன். இரண்டுமே தப்பு.

வீட்டுக்கு வந்த தாதி பொறுமையாக விளக்கினார். அழுத்தத்தால் ரத்த ஓட்டம் குறைந்த தோலைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் சதை இன்னும் கெடும். வளையமோ சுற்றிலும் நெருக்கி, நடுவில் ரத்தம் போகவிடாது. விரலால் அமுக்கும்போது வெளுக்காத சிவப்புதான் புண்ணின் முதல் நிலை. ஆனால் நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கடினம், வலி இவற்றைத்தான் கவனிக்க வேண்டுமாம். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று அன்று மனம் அடித்துக்கொண்டது.

அப்புறம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினோம். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பு எலும்பில் பாரம் விழும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்வு மட்டும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் எதிலும் படாமல். நகர்த்தும்போது இழுக்கவில்லை, அடியில் விரித்த துணியோடு நானும் தம்பியும் சேர்ந்து தூக்கினோம். பேம்பர்ஸ் நனைந்தால் உடனே மாற்றினோம். தினமும் முட்டை, மீன்.

இரவுதான் கஷ்டம். கைப்பேசியில் அலாரம் வைத்து மாறி மாறி எழுந்தோம்.

மூன்று வாரத்தில் சூடு போய் தோல் மிருதுவானது. இப்போதும் துடைத்துவிடும்போது அந்த இடத்தையும் குதிகாலையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.