உப்பளத்துக்குக் கறுப்புக் கண்ணாடியோடு போங்கள்

மலேசியாவிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் உப்பளத்தைப் படம் எடுக்கும்போது, போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைக் கைப்பேசிக் கேமராவுக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் தண்ணீர்மேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பு சட்டென்று மறைந்து, அடியிலுள்ள இளஞ்சிவப்பு துலங்கி வரும். தனி ஃபில்டருக்கு வெள்ளி செலவழிக்க வேண்டாம்.

தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கிறது; அந்தக் கண்ணாடி தடுப்பது அதைத்தான். நிறம் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது: டுனாலியெல்லா சலினா என்ற நுண்பாசியும் உப்பில் வாழும் நுண்ணுயிர்களும் தருவது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம்தான், அதனால் முதல் பாத்திகளில் தேடாதீர்கள். உப்பு படியும் கடைசிப் பாத்திகளில் அது 25 சதவீதத்தை எட்டும். சிவப்பு அங்கேதான்.

உங்கள் கண்ணாடி போலரைஸ்டா என்று பார்க்க, கணினித் திரைக்கு முன் வைத்துத் திருப்புங்கள். ஒரு நிலையில் திரை கறுத்துவிட்டால் சரி. எங்கள் ஊரான பத்து காஜா பக்கம் செம்பனைக் காட்டை ஒட்டிப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் இருக்கின்றன. புறப்படும் முன் அங்கே பழகிக்கொள்ளலாம்.

நேர் மேலிருந்து எடுத்தால் இது பலிக்காது. தீபாவளி, ஆண்டு இறுதி விடுமுறைக்கும் ஆகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையில் பாத்திகள் நீர்த்துவிடும். அப்புறம், வரப்பில் ஏறும் முன் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் காலடிச் சேறு அவர்கள் வாரும் உப்பில்தான் கலக்கும்.