மாற்றுச் சிறுநீரகம்: நன்றாக இருக்கும்போது நடக்கும் தவறுகள்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்த முதல் வருடம் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். அலாரம் வைத்து மாத்திரை, தேதி தவறாமல் ரத்தப் பரிசோதனை. எனக்குக் கவலையெல்லாம் அதற்கு அடுத்து வரும் வருடங்களைப் பற்றித்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, வேலைக்குப் போகிறார், கல்யாணம் காட்சிக்குப் போகிறார். கவனம் தளர்வது அப்போதுதான்.

'இத்தனை வருஷம் ஆச்சு, உடம்பு ஏத்துக்கிட்டிருக்கும்' என்ற நினைப்புதான் இருப்பதிலேயே பெரிய தவறு. உடம்பின் எதிர்ப்பை மாத்திரை அடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 1954இல் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றி பெற்ற மாற்று சிகிச்சையில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர். அதனால் அந்த மருந்துகள் இல்லாமலே சிறுநீரகம் நிலைத்தது. மற்றவர்களுக்கு, பெற்ற தாயே கொடுத்திருந்தாலும், அது வேலை செய்யும் காலம் முழுக்க மாத்திரை வேண்டும். வேளை தவறத் தவற அந்தச் சிறுநீரகத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகலாம். பெரும்பாலும் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கிரியேட்டினின் ஏறித் தெரியவரும்போது உள்ளே கணிசமான சேதம் நடந்திருக்கும். பணமுடையால் ஒரு வேளையைக் குறைப்பவர்கள் தயவுசெய்து அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். விலை குறைந்த மாற்று வழியை அவர் பார்க்க முடியும். மருந்துக்கடையில் கம்பெனியை மாற்றிக் கொடுத்தாலும் அவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

எதிர்ப்பை அடக்கும் மாத்திரையான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் என்ன அளவில் இருக்கிறது என்று பார்க்கும் நாளில் பழக்கதோஷத்தில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டு வேளை மாத்திரை என்றால், இரவு டோஸ் போட்டு 12 மணி நேரம் ஆனபின், காலை டோஸுக்கு முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டால் அளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியலாம். அதை நம்பி மருத்துவர் டோஸைக் குறைத்தால் சிறுநீரகம் பாதுகாப்பை இழக்கும். போட்டுவிட்டால் ரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

வேறு நோய்க்கு வேறு மருத்துவரிடம் போகும்போது மாற்று சிகிச்சை நடந்ததைச் சொல்லாமல் விடுவதும் ஆபத்து. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ் அளவை வெகுவாக இறக்கிவிடும். கிளாரித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் ஏற்றிவிடும். அளவு ஏறினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் தாமாக வாங்கிப் போடக்கூடாது. பம்பளிமாஸ் பழமும் அளவை ஏற்றலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அக்கறையோடு உறவினர்கள் தரும் 'எதிர்ப்பு சக்தி' கஷாயமும் இந்தக் கணக்கில் சேரும். கபசுரக் குடிநீரில் சீந்தில் இருக்கிறது. எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்காகத் தரும் மூலிகை அது. எதை அடக்க மாத்திரை போடுகிறோமோ அதையே தூண்டிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் விடாமல் பாருங்கள். டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சேர்ந்து, முன்பு சர்க்கரை இல்லாதவருக்கும் வரவழைக்கலாம். காய்ச்சல் வந்தாலோ, வாந்தியால் மாத்திரை வெளியே வந்துவிட்டாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல், அன்றைக்கே உங்கள் சிறுநீரக மருத்துவருக்கு போன் செய்யுங்கள்.